சிற்றறையில் ஒரு பேரிரைச்சல்

கலிலேயக் கடலில் புயல் எழுந்தபோது இயேசு படகின் பின்புறத்தில் தலை சாய்த்து உறங்கிக்கொண்டிருந்த நிகழ்ச்சியை மறைக்கல்வி வகுப்பில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்தப் படகில் காற்றின் ஓசை இருந்தது; அலையின் ஓசை இருந்தது. என்ஜின் ஓசை மட்டும் இல்லை. இன்று நம் தமிழகக் கடற்கரையிலிருந்து விசைப்படகில் செல்லும் மீனவருக்குக் கடல் அமைதியாக இருக்கும் இரவிலும் அத்தகைய உறக்கம் வாய்ப்பது அரிது. அவர் படுக்கும் பலகைக்குக் கீழேயோ, அடுத்த தடுப்புக்கு அப்பாலோ டீசல் என்ஜின் இரவெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது.

பனியனும் தறியும் பேசப்படும் பெருமாநல்லூருக்கும் கடற்படகுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். எங்கள் அறிவியல் மன்றத்தார் இக்கட்டுரையை எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

சென்ற ஆண்டு, பெற்றோர் வந்து பார்க்கும் ஞாயிறு ஒன்றில், விடுதி வரவேற்பறையில் இரு தந்தையர் அருகருகே அமர்ந்திருந்தனர். ஒருவர் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து வந்தவர். ஆழ்கடல் விசைப்படகில் பல ஆண்டுகள் சென்றவர். மற்றவர் இவ்வூருக்கு அருகில் விசைத்தறி ஓட்டுபவர். அவர்கள் பேசிய பேச்சு மாடி வரை கேட்டது. ஏதோ சண்டை என்று பதறி ஓடிவந்த நாங்கள், அவர்கள் மழையைப் பற்றியும் மகள்களின் மதிப்பெண்களைப் பற்றியும்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று கண்டு சிரித்துவிட்டோம். "அப்பாவுக்கு மெதுவாகப் பேச வராது, நாம் மெதுவாகப் பேசினால் அவருக்குக் கேட்கவும் கேட்காது" என்று மீனவர் மகளான எங்கள் தோழி சொன்னாள். "எங்கள் அப்பாவும் அப்படித்தான்" என்றாள் தறிக்காரர் மகள். எங்கள் சிரிப்பு அத்துடன் நின்றது.

கடலில் ஒருவர், தறிக்குடோனில் ஒருவர். இருவர் காதும் ஒரே விதமாக மந்தமானது எப்படி? இதை அறிய முற்பட்டபோது நாங்கள் தெரிந்துகொண்டவற்றை இங்கே தருகிறோம்.

ஓசையை அளக்கும் கோல்

நீளத்தை மீட்டராலும் எடையைக் கிலோவாலும் அளப்பதுபோல் ஓசையை டெசிபெல் என்னும் அளவால் அளக்கிறோம். தொலைபேசியைக் கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் பெயரால் வந்த அளவு இது. நல்ல காதுக்குக் கேட்கத் தொடங்கும் மிக மெல்லிய ஓசையை 0 டெசிபெல் எனக் கொண்டால், இரகசியம் பேசுவது 30 அளவிலும், இருவர் இயல்பாக உரையாடுவது 60 அளவிலும் இருக்கும்.

இக்கோலில் ஒரு புதுமை உண்டு. 10 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகிறது. 20 கூடினால் 100 மடங்கு. 30 கூடினால் 1000 மடங்கு. 90 டெசிபெல் இரைச்சல் தரும் ஓர் இயந்திரத்தின் அருகே அதேபோன்ற இன்னொன்றை ஓட்டினால் மொத்தம் 180 ஆவதில்லை, 93தான் ஆகிறது. அதாவது 3 டெசிபெல் கூடினாலே ஆற்றல் இரு மடங்காகிவிடுகிறது. ஆனால் நம் காதுக்கோ இந்த 3 டெசிபெல் வேறுபாடு சற்றே தெரியும். ஓசை இரு மடங்கு பெரிதானதாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் கூட வேண்டும். ஆபத்து வேகமாக வளர்கிறது. காதோ அதை மெதுவாகத்தான் உணர்கிறது.

சிறிய அறையில் ஏன் பெரிய ஓசை?

டீசல் என்ஜினில் மின்பொறி கிடையாது. உருளைக்குள் காற்றைக் கடுமையாக அழுத்திச் சூடாக்கி, அதில் எண்ணெயைத் தெளிக்கும்போது அது தானே தீப்பற்றி வெடிக்கிறது. அந்த வெடிப்பே என்ஜினின் 'தடதட' ஓசைக்கு முதற்காரணம். புகைபோக்கியின் ஓசை, காற்றை உள்ளிழுக்கும் ஓசை, பல்சக்கரங்களின் ஓசை, நீருக்குள் சுழலும் விசிறியின் அதிர்வு ஆகியவையும் இதனுடன் சேர்ந்துகொள்கின்றன. சிறு படகின் என்ஜின் அறைக்குள் ஓசை 100 டெசிபெலைத் தாண்டுவது சாதாரணம்.

இவ்வோசை பக்கத்து அறைக்கு இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று காற்று வழி. மூடியின் இடுக்கு, குழாய்கள் செல்லும் துளை, கதவின் கீழ்ச்சந்து ஆகியவற்றின் வழியே அது நுழைகிறது. மற்றது கட்டுமான வழி. என்ஜினைத் தாங்கும் மரத்துக்கோ இரும்புக்கோ அதிர்வு ஏறி, அங்கிருந்து படகின் உடல் முழுவதும் பரவுகிறது. அப்போது தரையும் சுவரும் படுக்கைப் பலகையும் மத்தளத்தின் தோல்போல் அதிர்ந்து தாமே ஓசை எழுப்புகின்றன. இந்த இரண்டாவது வழியைப் பலரும் நினைப்பதில்லை. கதவை எவ்வளவு கெட்டியாகச் சாத்தினாலும் ஓசை குறையவில்லையே என்று வியப்பவர்கள், காலை வைத்திருக்கும் தரையைத் தொட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும்.

அறை சிறியதாக இருப்பதும் ஒரு குறை. திறந்த வெளியில் ஓசை விலக விலகக் குறைந்துவிடும். படகின் சிற்றறையிலோ விலகிச் செல்ல இடமில்லை. வழுவழுப்பான மரமும் இரும்பும் கண்ணாடியிழையும் ஓசையை விழுங்காமல் திருப்பி அனுப்புகின்றன. போன ஓசை திரும்புவதற்குள் புது ஓசை வந்து சேர்கிறது.

இதற்கும் மேலே ஒத்ததிர்வு என்பது ஒன்று. குளியலறையில் பாடினால் சில சுரங்கள் மட்டும் கனத்து ஒலிப்பதை நாம் அறிவோம். அதே செயல்தான் இங்கும் நிகழ்கிறது. ஆறு உருளைகள் கொண்ட நான்கடி என்ஜின் ஒன்று நிமிடத்துக்கு 1800 சுற்றுச் சுற்றுவதாகக் கொள்வோம். நொடிக்கு 30 சுற்று. இரு சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வோர் உருளையும் வெடிப்பதால் நொடிக்கு 90 வெடிப்பு. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், இந்த ஓசையின் அலைநீளம் 3.8 மீட்டர், அதில் பாதி 1.9 மீட்டர். ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கும் நீளமன்றோ அது? அறையும் ஏறத்தாழ அதே நீளமிருந்தால் அந்த ஓசை அறைக்குள் ஊஞ்சலாடிப் பெருகும். என்ஜினின் வேகத்தைச் சற்றே மாற்றினால் அந்தக் 'கும்' என்ற ஓசை சட்டெனத் தணிவதைப் படகில் செல்பவர்கள் கவனித்திருப்பார்கள்.

காதினுள் நடப்பது

நம் உட்காதில் நத்தைக்கூட்டைப் போன்ற சுருள் ஒன்று உள்ளது. பட்டாணி அளவேயான அதற்குள் ஏறத்தாழ 15000 நுண்மயிர் உயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலி வரும்போது சுருளுக்குள் உள்ள மெல்லிய சவ்வில் அலை ஓடுகிறது. அதனால் நுண்மயிர்கள் அசைந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. இந்த அலை ஓடும் விதத்தை ஆராய்ந்து கண்டதற்காக கியார்க் ஃபான் பெகேசி என்னும் அறிஞர் 1961ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

காற்றில் சாயும் நெற்பயிர் காற்று நின்றதும் நிமிர்கிறது. ஆனால் நாள்தோறும் மிதிபட்டால்? பேரிரைச்சலில் நெடுநேரம் இருந்தவர் வெளியே வந்ததும் காது அடைத்ததுபோல் இருப்பதும், 'ஙொய்' என்று இரைவதும் நுண்மயிர்கள் களைத்துப்போனதன் அறிகுறி. ஓய்வு கிடைத்தால் ஓரளவு தேறும். ஓய்வின்றி மீண்டும் மீண்டும் அடிபட்டால் மடியும். பறவைகளுக்கு மடிந்த நுண்மயிர் உயிரணுக்கள் மீண்டும் முளைப்பதை 1980களில் ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். மனிதருக்கோ அவை முளைப்பதில்லை. பிறக்கும்போது இறைவன் தந்த கணக்குத்தான் கடைசி வரை.

முதலில் கெடுவது நொடிக்கு 4000 அதிர்வுகள் அளவிலுள்ள கூரிய ஒலிகளைக் கேட்கும் பகுதி. இதனால் ஆளின் குரல் கேட்கும், சொல் விளங்காது. 'ச', 'ஸ', 'த' முதலிய எழுத்துகளின் ஓசை நழுவிப்போகும். "காது கேட்கிறது, ஆனால் என்ன சொல்கிறாய் என்றுதான் தெரியவில்லை" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதன் பொருள் இதுவே. வலி இல்லை, இரத்தம் இல்லை. ஆகவே பல ஆண்டுகள் கழித்தே இந்த இழப்பு தெரியவருகிறது.

இது புதிய செய்தியும் அன்று. செம்பு தட்டும் தொழிலாளர் செவிடாவதை இத்தாலிய மருத்துவர் ராமசீனி 1713ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். 1886ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகர மருத்துவர் தாமஸ் பார், கொதிகலன் செய்வோர் 100 பேரின் காதுகளைச் சோதித்து, தபால்காரர்களின் காதுகளோடு ஒப்பிட்டார். இரும்புக் கூட்டுக்குள் அமர்ந்து ஆணி அடிப்பதைப் பொறுத்திருந்த கொதிகலன் தொழிலாளரின் நிலையே மிக மோசமாக இருந்தது. அவர்களும் சிற்றறைக்குள் அகப்பட்டவர்களே!

சட்டம் எட்டாத அறை

நாள் ஒன்றுக்கு 8 மணி நேரம் கேட்பதற்கு 85 டெசிபெலே எல்லை என்று அறிஞர் பலர் கூறுகின்றனர். 88 ஆனால் 4 மணி நேரம். 91 ஆனால் 2 மணி நேரம். 94 ஆனால் 1 மணி நேரம். 100 ஆனால் 15 நிமிடமே. நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் நெடுங்காலமாக 8 மணி நேரத்துக்கு 90 என்ற எல்லையைக் கொண்டிருந்தன.

இக்கணக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 8 மணி நேரம் வேலை என்றால் மீதி 16 மணி நேரம் காதுக்கு ஓய்வு என்பது அதில் அடங்கியுள்ளது. தறிக்காரர் வீட்டுக்கு வந்துவிடலாம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய கன்னியாகுமரி மாவட்டக் கடலோர ஊர்களிலிருந்து செல்லும் ஆழ்கடல் மீனவர்களோ வாரக்கணக்கில் கடலிலேயே தங்குகிறார்கள். 2017ஆம் ஆண்டு ஒக்கிப் புயலில் பலரை இழந்த ஊர்கள் அவை. அம்மீனவர்களுக்கு வேலை செய்யும் இடமும், உண்ணும் இடமும், உறங்கும் இடமும் ஒரே படகு. என்ஜின் ஓடும்வரை காதுக்கு விடுமுறை இல்லை. 24 மணி நேரமும் கேட்பதென்றால் மேற்சொன்ன கணக்குப்படி எல்லை 80 டெசிபெலாகக் குறைந்துவிடும்.

பெரிய கப்பல்களுக்கு இதற்கென விதி உண்டு. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2012ஆம் ஆண்டு ஏற்று, 2014 ஜூலை முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த இரைச்சல் விதித்தொகுப்பின்படி, 1600 டன் முதல் 10000 டன்னுக்கு உட்பட்ட புதிய கப்பல்களில் படுக்கை அறை ஓசை 60 டெசிபெலைத் தாண்டக்கூடாது. அதற்கும் பெரிய கப்பல்களில் 55. ஆனால் மீன்பிடிப் படகுகளுக்கு இத்தொகுப்பு பொருந்தாது. ஐரோப்பிய நாடுகளில் சிறு உல்லாசப் படகுகளுக்கு ஓசை எல்லை உண்டு. ஆனால் அது படகுக்கு வெளியே 25 மீட்டர் தள்ளி அளக்கப்படுவது. கரையில் நிற்பவரின் காதுக்குப் பாதுகாப்பு. உள்ளே படுப்பவரின் காதுக்கு இல்லை! ஆலப்புழைச் சுற்றுலா வீட்டுப்படகுகள் மாலையானதும் கரையோரம் கட்டப்பட்டுவிடுவதால் பயணிகள் இரவில் என்ஜின் ஓசையின்றி உறங்கலாம். மீனவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

சட்டம் எட்டாத இடத்தில் அறிவும் அக்கறையும் எட்ட வேண்டும் அல்லவா?

அலாரக் கடிகாரம் கற்பித்த பாடம்

இரைச்சலைக் குறைக்கும் வழியை நாங்கள் ஓர் அலாரக் கடிகாரத்தாலும் பிஸ்கட் டின்னாலும் கற்றோம். நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம்.

முதலில் கடிகாரத்தை மணி அடிக்கவிட்டு மேசைமேல் வைத்தோம். மேசையே சேர்ந்து அலறியது. பனியன் துணியை நாலாக மடித்து அதன்மேல் வைத்தபோது ஓசை தணிந்தது. படகிலும் இதுவே முதற்பாடம்: என்ஜினைக் கட்டையில் நேரே முடுக்காமல், அதன் எடைக்கும் வேகத்துக்கும் ஏற்ற ரப்பர் தாங்கிகள்மேல் நிறுத்த வேண்டும். பழகி இறுகிப்போன ரப்பரை மாற்ற வேண்டும். புகைக்குழாயையும் இறுக்கிப் பிணைக்காமல் அசைந்து கொடுக்கும்படி தொங்கவிட வேண்டும்.

அடுத்து, கடிகாரத்தைத் துணியோடு டின்னுக்குள் வைத்து மூடினோம். ஓசை மேலும் குறைந்தது. மூடியைச் சற்றே திறந்ததும் பெரும்பகுதி திரும்பி வந்தது. தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, எவ்வளவு கனமான தடுப்பும் 20 டெசிபெலுக்கு மேல் தடுக்க முடியாது என்பது கணக்கு. ஆகவே துளைகளை அடைப்பதே செலவு குறைந்த சிகிச்சை. ஆயினும் என்ஜினுக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும். முற்றிலும் அடைத்தால் அது திணறிச் சூடேறும். உட்புறம் மென்பொருள் ஒட்டிய, வளைந்த காற்றுக்குழாயை வைத்தால் காற்று நுழையும். ஓசை வளைவுகளில் மோதித் தேயும்.

பின்பு டின்னின் உட்சுவரில் துணி ஒட்டினோம். ஓசையின் கூர்மை மழுங்கியது. ஆனால் டின்னை எடுத்துவிட்டுத் துணியால் மட்டும் மூடியபோது அதிகப் பயனில்லை. பஞ்சுபோன்ற பொருள் ஓசையை விழுங்கும், தடுக்காது. கனமான பொருள் தடுக்கும், விழுங்காது. இரண்டும் சேர வேண்டும். தடுப்பின் எடையை இரு மடங்காக்கினால் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடுதலாகத் தடுக்கும். என்ஜின் அறையில் ஒட்டும் பொருள் எளிதில் தீப்பற்றாததாகவும், எண்ணெயை உறிஞ்சாததாகவும் இருத்தல் மிக முக்கியம். வீட்டு மெத்தைப் பஞ்சை அங்கே வைப்பது தீயை வரவேற்பதாகும்.

செலவே இல்லாத வழி ஒன்றும் உண்டு. நீரில் சுழலும் விசிறிக்கு வேண்டிய திறன் வேகத்தின் முப்படியாக ஏறுகிறது. வேகத்தை நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைத்தால் திறன் தேவை நூற்றுக்கு 27 பங்கு குறையும். ஓசையும் குறையும், டீசலும் மிஞ்சும். படகின் உரிமையாளருக்கு இதைவிட நல்ல செய்தி ஏது?

ஆண்டுதோறும் 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையேறிப் பழுதுபார்க்கப்படுகின்றன. வலையையும் வண்ணத்தையும் கவனிக்கும் அந்நாட்களில் படுக்கும் அறையின் இடுக்குகளையும் ரப்பர் தாங்கிகளையும் கவனித்தால் போதும். பெரும் நன்மை விளையும்.

நம் ஊருக்கும் இதுவே

இனி நம் தறிக்குடோனுக்கு வருவோம். நாடா ஓடும் விசைத்தறிகள் பல ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் ஓடும்போது இரைச்சல் 90 டெசிபெலை எளிதில் தாண்டும். கடின சுவர், கடின தரை, நெருக்கமான இயந்திரங்கள்: படகுச் சிற்றறையின் குறைகள் யாவும் இங்கே உண்டு. தறியின் காலடியில் ரப்பர், தளர்ந்த திருகுகளை முடுக்குதல், தேய்ந்த பாகங்களை மாற்றுதல், எண்ணெய் இடுதல் ஆகியவை இங்கும் உதவும்.

நம் பக்கத்தில் பலர் காதில் பஞ்சையோ பனியன் வேஸ்டையோ திணித்துக்கொள்வதைப் பார்க்கிறோம். அதனால் வரும் தடுப்பு மிகச் சிறிதே. மருந்துக்கடைகளில் கிடைக்கும் நுரைக் காதடைப்பான் விலை மலிவு, பயன் அதிகம். ஆனால் முறையாக அணிய வேண்டும். சுத்தமான விரல்களால் அதை மெல்லியதாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை சற்று அழுத்திப் பிடிக்க வேண்டும். படகில் கம்பியில்லாக் கருவியின் எச்சரிக்கையைக் கேட்க வேண்டியவர் காவலில் இருக்கும்போது அதை அணியலாகாது. ஓய்வு வேளையில் அணிந்து உறங்கலாம்.

ஓர் எளிய சோதனையும் சொல்கிறோம். கை நீட்டும் தொலைவில் நிற்பவரிடம் குரலை உயர்த்தினால்தான் பேச முடிகிறது என்றால், அந்த இடத்தின் இரைச்சல் 85 டெசிபெல் அளவில் இருக்கிறது என்று கொள்ளலாம். நம் தந்தையர், தாய்மார் வேலை செய்யும் இடங்களை இச்சோதனையால் அறியலாம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இரைச்சலால் வரும் காதுகேளாமையை அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. ஆகவே இது முதுமையின் குற்றமன்று, தலைவிதியும் அன்று. அரசு மருத்துவமனைக் காது மருத்துவரிடம் காட்டிச் சோதித்துக்கொள்வதில் வெட்கம் ஏதும் இல்லை.

வரவேற்பறையில் உரக்கப் பேசிய அவ்விரு தந்தையரையும் பார்த்து நாங்கள் சிரித்தது தவறு என்று இப்போது உணர்கிறோம். அவர்கள் தங்கள் செவியின் ஒரு பகுதியைக் கொடுத்தே எங்கள் தோழியருக்குப் புத்தகமும் சீருடையும் வாங்கித் தந்திருக்கிறார்கள். இனி அவர்கள் வரும்போது, பின்னாலிருந்து கூப்பிடாமல் எதிரே நின்று, முகம் பார்த்து, நிறுத்தித் தெளிவாகப் பேசுவோம். கத்த வேண்டியதில்லை. காது கேளாதவரை ஆண்டவர் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்றுதானே குணமாக்கினார்? இரைச்சலிலிருந்து சற்று விலக்கி அமரவைப்பதே நாம் அவர்களுக்குச் செய்யும் முதல் உதவி.

கடலில் ஓடும் சிற்றறையிலும், கரையில் ஓடும் குடோனிலும் நமக்காக உழைப்போர் அமைதியாக உறங்கவும், தம் மக்கள் மெல்லப் பேசும் சொல்லைக் கேட்டு மகிழவும் நம்மால் இயன்றதைச் செய்வோமாக!